தொலைபேசியை எடுக்கும் பெட்டி

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

தொலைபேசி மணி ஒலிக்கிறது. நாம் எழுந்து சென்று எடுக்கிறோம், 'ஹலோ' என்கிறோம், பேசுகிறோம், பேச்சு முடிந்ததும் வைத்துவிடுகிறோம். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றும். இதே வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துப் பாருங்கள். அப்போதுதான் இதற்குள் எத்தனை சிறு சிறு தீர்மானங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது விளங்கும். எத்தனையாவது மணியில் எடுப்பது? யார் முதலில் குரல் கொடுப்பது? எதிர்முனையில் இருப்பது மனிதரா, மற்றோர் இயந்திரமா? பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் போய்விட்டால் அதை எப்படி அறிவது? எல்லாவற்றிலும் கடினமான கேள்வி: எப்போது வைப்பது?

இக்கேள்விகளுக்கு விடை சொல்லிக் கொடுத்து, வரும் அழைப்புகளை ஏற்கும்படி ஒரு மோடத்தை ஆயத்தம் செய்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'மோடமா? அது பரணில் கிடக்கும் சாமான் ஆயிற்றே!' என்று அண்ணன்மார்கள் கேலி செய்யக்கூடும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் பல்லாண்டுகள் நடத்திவந்த தொலைபேசி வழி இணையச் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது. ஆயினும் பழைய கணிப்பொறிகளைப் போற்றிக் காப்பவர்கள் இன்றும் மோடம் வைத்து அழைப்புகளை ஏற்கிறார்கள். ஆளில்லாத இடத்தில் நிற்கும் கருவிகளைத் தொலைவிலிருந்தே சரிபார்ப்பதற்காக ஒரு தொலைபேசித் தொடர்பும் மோடமும் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. எங்களுக்கோ, இவ்வளவு சிறிய பெட்டிக்குள் இவ்வளவு யோசனை அடங்கியிருப்பதே போதுமான காரணமாயிற்று.

மோடம் என்பது மாடுலேட்டர், டீமாடுலேட்டர் என்னும் இரு சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டிச் செய்த பெயர். கணிப்பொறி அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. வினாடிக்கு ஏறக்குறைய 300 முதல் 3,400 வரை அதிர்வுகள் உள்ள ஒலியையே அது ஒழுங்காகக் கடத்தும். ஆகவே மோடம் 0-வை ஒரு சுருதியாகவும் 1-ஐ வேறொரு சுருதியாகவும் மாற்றிக் கம்பியில் பாடுகிறது. மறுமுனையில் உள்ள மோடம் அந்தப் பாட்டைக் கேட்டு மீண்டும் 0, 1 ஆக எழுதிக்கொள்கிறது.

1962-ல் அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 'பெல் 103' என்ற மோடத்தை வெளியிட்டது. அதில் கம்பியை அழைப்பவரும் ஏற்பவருமாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அழைக்கும் மோடம் 1-க்கு 1,270 அதிர்வுகளும் 0-க்கு 1,070 அதிர்வுகளும் கொண்ட ஒலிகளைப் பாடும். ஏற்கும் மோடம் 1-க்கு 2,225, 0-க்கு 2,025 என்று மேல் சுருதியில் பாடும். ஒருவர் கீழ்க்குரலிலும் மற்றவர் மேல்குரலிலும் பாடுவதால் இருவரும் ஒரே நேரத்தில் பாடினாலும் குழப்பம் இல்லை. ஆனால் இரண்டு மோடங்களும் 'நான்தான் அழைப்பவன்' என்று கீழ்க்குரலிலேயே பாடினால் நாள் முழுவதும் பாடினாலும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளா. அழைப்பை ஏற்பது என்பது மணி கேட்டு எடுப்பது மட்டுமன்று; மேல்குரலை ஏற்றுக்கொள்வதும் ஆகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தொடக்க காலத்தில் வீட்டில் இருந்த கணிப்பொறி தானாக அழைப்பை ஏற்க வழியே இல்லை. அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனத்தின் கம்பியில் பிறருடைய கருவியைப் பொருத்த அனுமதி கிடையாது. 1968-ல் 'கார்ட்டர்போன்' வழக்கில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அந்தத் தடையை நீக்கிய பின்னரும், பல ஆண்டுகள் வரை பெரும்பாலானோர் ரப்பர்க் கிண்ணங்கள் இரண்டு கொண்ட ஒரு பெட்டியையே பயன்படுத்தினர். தொலைபேசியின் கைக்கருவியை எடுத்து அந்தக் கிண்ணங்களில் அழுத்தி வைக்க வேண்டும். பெட்டி அதன் வாயில் பாடும், காதில் கேட்கும். கைக்கருவியை எடுத்து வைக்க ஒரு மனிதக் கை வேண்டுமல்லவா? மணி ஒலித்தால் ஓடிவர ஓர் ஆள் வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் மோடத்தை நேரே சுவரிலுள்ள தொலைபேசி இணைப்பில் செருகும் வசதி பரவிய பிறகுதான் அந்த ஆளுக்கு ஓய்வு கிடைத்தது.

அந்த ஓய்வைப் பெற்ற முதல் மனிதர்களில் இருவர் சிகாகோ நகரத்தினர். 1978 ஜனவரியில் அந்நகரைப் பெரும் பனிப்புயல் மூடியது. வெளியே செல்ல முடியாத அந்நாட்களில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இரு கணிப்பொறி ஆர்வலர்கள், தங்கள் சங்கத்து நண்பர்கள் தொலைபேசி வழியாகக் குறிப்புகளை எழுதவும் படிக்கவும் ஓர் அறிவிப்புப் பலகையை உருவாக்கத் தொடங்கினர். 1978 பிப்ரவரி 16 அன்று அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கிறிஸ்டென்சன் கட்டளைத் தொடரை எழுதினார். சூஸ் கருவிகளை இணைத்தார். பொறி புறநகரில் இருந்த கிறிஸ்டென்சன் வீட்டில் வைக்கப்படவில்லை. நகருக்குள் இருந்த சூஸ் வீட்டில் வைக்கப்பட்டது. அழைப்பவர்களுக்கு உள்ளூர்க் கட்டணத்தோடு போகட்டும் என்ற கரிசனம்! மணி ஒலித்தவுடன் அந்த மணியே கணிப்பொறியைப் புதிதாக உயிர்ப்பித்துத் தொடங்கச் செய்யுமாறு சூஸ் அமைத்திருந்தார். ஆகவே முந்தைய அழைப்பில் என்ன கோளாறு நேர்ந்திருந்தாலும் அடுத்த அழைப்பு சுத்தமான பலகையில் தொடங்கும். ஒரு நேரத்தில் ஒருவரே பேசமுடியும் என்றாலும், அந்த ஒற்றைத் தொடர்பு தன் வாழ்நாளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை ஏற்றது.

இனி மணி என்பது மோடத்துக்கு என்ன என்று பார்ப்போம். தொலைபேசிக் கம்பியில் எப்போதும் 48 வோல்ட் அளவுள்ள நேர்மின்சாரம் காத்திருக்கிறது. அழைப்பு வரும்போது தொலைபேசி நிலையம் அதன்மேல் ஒரு மாறுமின்சாரத்தை அனுப்புகிறது. அமெரிக்காவில் அது சுமார் 90 வோல்ட், வினாடிக்கு 20 சுழற்சிகள் கொண்டது. மோடத்தின் வாயிலில் ஒரு மின்தேக்கி நிற்கிறது. மின்தேக்கி நேர்மின்சாரத்தைத் தடுத்து மாறுமின்சாரத்தை விடும் என்று இயற்பியலில் படிக்கிறோம் அல்லவா? அதனால் மணி வரும்போது மட்டுமே உள்ளே மின்சாரம் புகும். புகுந்து ஒரு துளி விளக்கை எரிக்கும். எதிரே உள்ள ஒளியுணர் கருவி அவ்வெளிச்சத்தைக் கண்டு 'மணி' என்று அறிவிக்கும். தொலைபேசிக் கம்பிக்கும் பெட்டியின் மூளைக்கும் இடையே மின்தொடர்பே கிடையாது. ஒளி மட்டுமே தூது போகிறது. இடி மின்னல் காலத்தில் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

1981-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் ஆகியோரின் நிறுவனம் 'ஸ்மார்ட்மோடம்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் சிறப்பு, கட்டளைகளை எழுத்தாகவே ஏற்றுக்கொள்வது. ஒவ்வொரு கட்டளையும் 'ஏடி' என்ற இரு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். 'கவனி' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. அவ்விரு எழுத்துகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. முதல் எழுத்து வந்து சேரும் நேரத்தை அளந்து கணிப்பொறி எந்த வேகத்தில் பேசுகிறது என்பதை மோடம் தெரிந்துகொள்ளும். கூப்பிடும் குரலைக் கேட்டே ஆளை அறிந்துகொள்வது போல என்று சொல்லலாம். மற்ற நிறுவனங்களும் இந்தக் கட்டளைகளையே பின்பற்றியதால் பிற்காலத்து மோடங்களும் இதே மொழியைப் பேசுகின்றன.

மோடத்துக்குள் 'எஸ் ரிஜிஸ்டர்' எனப்படும் எண் அறைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஓர் எண். வரும் அழைப்புக்கு முதல் அறையாகிய எஸ்0 தான் வாயிற்காவலர். அதில் 0 இருந்தால் மோடம் எடுக்கவே எடுக்காது. மணி ஒலிக்கும்போதெல்லாம் 'ரிங்' என்று கணிப்பொறிக்கு எழுதிக் காட்டுவதோடு நின்றுவிடும். 'ஏடிஎஸ்0=1' என்று எழுதினால் முதல் மணியிலேயே எடுக்கும். 'ஏடிஎஸ்0=4' என்றால் நான்காவது மணியில் எடுக்கும். ஹேய்ஸ் பெட்டியின் முகப்பில் 'ஏஏ' என்று குறித்த சிறு சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அது எரிந்தால் பெட்டி தானாக எடுக்கத் தயாராக இருக்கிறது என்று பொருள்.

எந்த எண்ணை வைப்பது? கணிப்பொறிக்கென்றே தனித் தொடர்பு இருந்தால் 1 போதும். வீட்டாரும் அதே தொலைபேசியில் பேசுவதானால் 4 அல்லது 5 வைத்து மனிதருக்கு முதல் வாய்ப்பைத் தரவேண்டும். அதற்கு மேல் தாராளம் காட்டக்கூடாது. காரணம் எதிர்முனையில் இருக்கிறது. அழைக்கும் மோடத்தின் எஸ்7 என்னும் அறையில் 'இத்தனை வினாடி காத்திருந்து பதில் வராவிட்டால் வைத்துவிடு' என்ற எண் உள்ளது. ஹேய்ஸ் பெட்டியில் அது 30. அமெரிக்காவில் மணி 2 வினாடி ஒலித்து 4 வினாடி ஓயும். ஒரு சுற்றுக்கு 6 வினாடி. நாம் 8 மணி வரை காத்திருக்கச் சொன்னால் அதற்குள் 40 வினாடிக்கு மேல் ஓடிவிடும். அழைத்தவர் 30-ஆவது வினாடியிலேயே மனம் சலித்துப் போயிருப்பார். நம் நாட்டிலோ மணி 'ட்ரிங்-ட்ரிங்' என்று இரட்டையாக ஒலிக்கும். ஒலியும் ஓய்வும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 3 வினாடியே. ஆகவே அமெரிக்கக் கையேட்டில் கண்ட எண்ணை அப்படியே இங்கே எழுதினால், அங்கே அரை நிமிடம் காத்த பெட்டி இங்கே கால் நிமிடத்தில் எடுத்துவிடும். கூடத்திலிருந்து பாட்டி எழுந்து வருவதற்குக் கால் நிமிடம் போதாது!

எடுப்பது என்பது ஒரு சிறிய ரிலே மூடிக்கொள்ளும் 'க்ளிக்' ஓசைதான். ரிலே மூடியதும் கம்பியில் மின்சாரம் ஓடும்; தொலைபேசி நிலையம் அதைக் கண்டு மணியை நிறுத்தும்; அழைத்தவர் கணக்கில் கட்டணம் ஏறத் தொடங்கும். எடுத்தவுடன் மோடம் பேசாது. ஏறக்குறைய 2 வினாடி மௌனமாக இருக்கும். இது கூச்சத்தால் அன்று. நிலையங்கள் இணைப்பையும் கட்டணக் கணக்கையும் சரிசெய்துகொள்ள விதிகளே வகுத்த இடைவெளி. பிறகு மேல் சுருதியில் ஒரே நீண்ட ஒலியை எழுப்பும். பெல் முறையில் அது 2,225 அதிர்வுகள். உலகப் பொதுவிதியில் 2,100. இரண்டாவது ஒலிக்கு மற்றொரு வேலையும் உண்டு. தொலைதூரத் தொடர்புகளில் எதிரொலியை அடக்குவதற்குச் சில கருவிகள் உள்ளன. ஒருவர் பேசும்போது மற்றவர் குரலை அவை அமுக்கிவிடும். மோடங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் பாடுவன ஆதலால் அந்த அமுக்கல் ஆகாது. 2,100 அதிர்வு ஒலியைக் கேட்டதும் அக்கருவிகள் ஒதுங்கிக்கொள்ளும்.

எங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் இரண்டு பழைய மோடங்களை இன்டர்காம் தொடர்பில் பொருத்தி இவ்வொலியைக் கேட்டோம். அலுவலகத்திலிருந்து ஆய்வக எண்ணை அழைத்துக் கேட்டுப் பார்த்த சகோதரி, "காதில் ஊசி ஏற்றுவது போல இருக்கிறதே, பெண்ணே!" என்றார். தவறான எண்ணைச் சுழற்றிவிட்ட மனிதர் எவருக்கும் இதே அனுபவம்தான். நல்ல வேளையாக, எதிர்முனையிலிருந்து மோடக் குரல் ஏதும் வராவிட்டால் குறித்த வினாடிகள் கழிந்ததும் பெட்டி 'நோ கேரியர்' என்று எழுதிவிட்டுத் தானே வைத்துவிடும்.

குரல்கள் பொருந்திவிட்டால் 'கனெக்ட் 1200' என்பது போல வேகத்தையும் சேர்த்து மோடம் அறிவிக்கும். பழைய மோடங்களில் இந்த எண்ணைப் பார்த்துக் கணிப்பொறியும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னாளில் வந்தவை கணிப்பொறிப் பக்கத்து வேகத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, 'கொஞ்சம் பொறு' என்று சொல்ல மட்டும் இரண்டு கம்பிகளைப் பயன்படுத்தின. இதைப்பற்றி விரிக்கத் தேவையில்லை.

விரிக்க வேண்டியது வேறு. எடுப்பதைக் கற்றுக்கொடுத்தவர்கள் பலர் வைப்பதைக் கற்றுக்கொடுக்க மறந்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பலர் அழைத்துப் பயன்படுத்தும் கணிப்பொறி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் அழைத்து, தம் பெயரையும் இரகசியச் சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைகிறார். தமக்கு வந்த கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். பாதியில் அவர் வீட்டில் யாரோ இணைத் தொலைபேசியை எடுத்ததால் தொடர்பு அறுந்துபோகிறது. மோடம் குரல் நின்றதை உணர்ந்து வைத்துவிடுகிறது. ஆனால் கணிப்பொறிக்கு யாரும் சொல்லவில்லை! அது அவர் இன்னும் உள்ளே இருப்பதாகவே எண்ணிக் காத்திருக்கிறது. அடுத்த நிமிடம் வேறொருவர் அழைக்கிறார். மோடம் எடுக்கிறது. புதியவரிடம் பெயர் கேட்பாரில்லை. முன்னவர் விட்ட இடத்திலேயே, அவருடைய கடிதங்களின் நடுவிலேயே இவர் நிற்கிறார். படிக்கலாம், அழிக்கலாம், அவர் பெயரால் எழுதவும் செய்யலாம். தெரிந்தே செய்த திருட்டு இல்லை. பூட்டை உடைத்தவர் இல்லை. கதவைச் சாத்தாமல் விட்ட பெட்டி ஒன்றுதான் காரணம்.

இதைத் தடுக்கும் கம்பிகள் இரண்டு. மோடத்தையும் கணிப்பொறியையும் இணைக்கும் ஆர்.எஸ்.232 என்னும் வடத்தின் முனையில் 25 ஊசிகள் உள்ளன. அவற்றுள் 8-ஆவது ஊசி மோடம் பேசுவது: 'எதிர்முனையின் குரல் கேட்கிறது' என்று அது கணிப்பொறிக்குத் தெரிவிக்கும். 20-ஆவது ஊசி கணிப்பொறி பேசுவது: 'நான் விழித்திருக்கிறேன், தயார்' என்று அது மோடத்துக்குச் சொல்லும். இவ்விரண்டும் உண்மை பேசினால் போதும். ஆனால் சில மோடங்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 8-ஆவது கம்பி எப்போதும் 'கேட்கிறது, கேட்கிறது' என்று சொல்லும்படியும், 20-ஆவது கம்பியைச் சட்டை செய்யாமலும் அமைக்கப்பட்டிருக்கும். வெளியே அழைப்பதற்கு மட்டும் வாங்கியவருக்கு அது வசதி. அழைப்பை ஏற்க வாங்கியவருக்கு அதுவே வினை.

ஆகவே இரண்டு கட்டளைகள் அவசியம். '&சி1' என்பது 8-ஆவது கம்பியை உண்மை பேசச் செய்யும்: குரல் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. '&டி2' என்பது 20-ஆவது கம்பிக்கு மதிப்புக் கொடுக்கச் செய்யும்: கணிப்பொறி அந்தக் கம்பியைத் தளர்த்தினால் மோடம் உடனே தொலைபேசியை வைத்துவிடும்; கம்பி மீண்டும் உயரும் வரை தானாக எடுக்கவும் எடுக்காது. இதன் பின்விளைவு மிக அழகானது. கணிப்பொறி நின்றுபோயிருக்கும் இரவில் ஒருவர் அழைத்தால் மணி மட்டும் ஒலித்துக்கொண்டே இருக்கும். யாரும் எடுக்காததால் அவருக்குக் கட்டணமும் இல்லை. இந்த ஏற்பாடு இல்லாத பெட்டியோ எடுத்து, பாடி, பிறகு ஊமையாக நிற்கும். வெளியூரிலிருந்து அழைத்தவர் மௌனத்துக்குப் பணம் கட்டுவார்.

யூனிக்ஸ் என்ற கணிப்பொறி முறையில் 8-ஆவது கம்பி விழுந்தவுடன் அந்தத் தொடர்பில் ஓடிக்கொண்டிருந்த எல்லா வேலைகளுக்கும் ஒரு சைகை அனுப்பப்படும். அதன் பெயரே 'ஹேங்கப்', அதாவது 'தொலைபேசியை வைத்துவிட்டார்' என்பது. பெற்றுக்கொண்ட வேலைகள் முடிந்துவிடும். அடுத்து வருபவருக்கு மீண்டும் 'உங்கள் பெயர்?' என்ற கேள்வி காத்திருக்கும். சைகைகளின் பட்டியலில் இதற்கு எண் 1. இன்றைய லினக்ஸிலும் இதே பெயரில் இதே எண்ணில் அது இருக்கிறது. தொலைபேசிக் கம்பியையே கண்டிராத பொறிகள் கூட இன்னும் 'வைத்துவிட்டார்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இன்னும் ஒரு வேடிக்கை. மோடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டளையாக வரும் எழுத்துகளை அப்படியே திருப்பிச் சொல்லும். மனிதர் தட்டச்சு செய்யும்போது அது உதவி. அழைப்பை ஏற்கும் கணிப்பொறியோ 8-ஆவது கம்பியைப் பார்த்து, யாரோ வந்துவிட்டார் என்று எண்ணி 'உங்கள் பெயர்?' என்று கேட்கும். அந்தக் கம்பி பொய் சொல்லும் கம்பியாக இருந்து, எதிர்முனையில் யாருமே இல்லாவிட்டால், மோடம் அதை 'உங்கள் பெயர்?' என்று திருப்பிச் சொல்லும். கணிப்பொறி, ஆகா, வந்தவரின் பெயர் 'உங்கள் பெயர்?' போலும் என்று எண்ணி 'இரகசியச் சொல்?' என்று கேட்கும். மோடம் 'இரகசியச் சொல்?' என்று சொல்லும். 'தவறு, மீண்டும் பெயர்?' இப்படி விடிய விடிய இருவரும் உபசாரம் பேசிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அழைப்பவருக்கு இடமே கிடைக்காது. 'இ0' என்ற கட்டளை திருப்பிச் சொல்வதை நிறுத்தும். 'க்யூ1' என்பது 'ரிங்', 'கனெக்ட்' முதலிய அறிவிப்புகளையும் நிறுத்தும்.

எல்லாவற்றையும் சேர்த்தால் 'ஏடி இ0 க்யூ1 &சி1 &டி2 எஸ்0=1 &டபிள்யூ' என்று ஒரே வரி. கடைசிக் கட்டளை, இவற்றை மின்சாரம் போனாலும் மறவாதபடி மோடம் தன் நினைவில் எழுதிக்கொள்ளச் செய்வது. 1981-ல் வந்த முதல் பெட்டிக்கு அந்த நினைவாற்றல் இல்லை. உள்ளே இருந்த சிறு சுவிட்சுகளைத் தள்ளி வைக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் கணிப்பொறி வரியை ஓதவேண்டும்.

மற்றொரு வழியும் உண்டு. எங்களுக்கு அதுவே மேலானதாகத் தோன்றுகிறது. எஸ்0-வில் 0 வைத்து, மோடத்தை எடுக்காதே என்று சொல்லிவிடுவது. அறிவிப்புகளை மட்டும் நிறுத்தாமல் விடுவது. மணி ஒலித்ததும் மோடம் 'ரிங்' என்று எழுதும். கணிப்பொறி அதைப் படித்து, தான் நலமாக இருந்தால் மட்டும் 'ஏடிஏ', அதாவது 'எடு' என்று கட்டளையிடும். ஜெர்மனியரான கெர்ட் டோரிங் 1990-களில் எழுதிய 'எம்கெட்டி' என்ற கட்டளைத் தொடர் இப்படித்தான் வேலை செய்கிறது. வந்திருப்பது கணிப்பொறியா, தொலைநகல் கருவியா என்பதையும் அது பிரித்தறிந்து, தக்கவரிடம் ஒப்படைக்கும். எடுப்பதற்கான முடிவு மோடத்திடம் இருந்தால், மோடம் மட்டும் உயிரோடிருந்தாலும் அழைப்பு ஏற்கப்பட்டுவிடும். பின்னால் இருக்கும் கணிப்பொறி செத்துக் கிடந்தாலும் அதற்குத் தெரியாது. முடிவு கணிப்பொறியிடம் இருந்தால் அந்த ஏமாற்றம் இல்லை.

மோடம் யாரென்று கேட்பதில்லை என்பதையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். அழைத்தவர் எவராயினும் எடுக்கும். 1983-ல் வெளிவந்த 'வார் கேம்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தில் ஒரு சிறுவன் தன் கணிப்பொறியைக் கொண்டு தொலைபேசி எண்களை வரிசையாகச் சுழற்றி, எங்கே மோடம் எடுக்கிறது என்று தேடுவான். அதே ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து இளைஞர் சிலர் ஒரு புற்றுநோய் மருத்துவமனை உள்ளிட்ட பல இடங்களின் கணிப்பொறிகளுக்குள் நுழைந்தது செய்தியாயிற்று. விற்றவர் வைத்த இரகசியச் சொல்லையே மாற்றாமல் வைத்திருந்த இடங்கள் அவர்களுக்கு எளிதில் திறந்தன.

இதற்கு மாற்றாகத் 'திருப்பி அழைக்கும்' முறையைச் சிலர் கையாண்டனர். அழைத்தவரின் பெயரைக் கேட்டுக்கொண்டு மோடம் வைத்துவிடும். பிறகு அந்தப் பெயருக்கென்று முன்பே எழுதி வைத்த எண்ணுக்குத் தானே அழைக்கும். நல்ல யோசனைதான். ஆனால் சில தொலைபேசி நிலையங்களில், அழைத்தவர் வைக்காதவரை தொடர்பு சிறிது நேரம் அறுபடாது. சூழ்ச்சிக்காரர் வைக்காமல் காத்திருப்பார்; மோடம் எடுத்து எண்களைச் சுழற்றும்போது அந்த எண்கள் அவர் காதிலேயே விழும்; அவர் மேல்குரலில் பாடி 'வந்துவிட்டேன்' என்பார். ஆகவே ஏற்பதற்கு ஒரு தொடர்பும், திருப்பி அழைப்பதற்கு வேறு ஒரு தொடர்பும் வைக்கவேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னார்கள்.

நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. நம் தாய் தந்தையர் சிலர் அந்நாளில் மோடத்தின் கீச்சொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் கேட்டதில் பாதி ஒலி எதிர்முனை மோடத்தினுடையது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். இத்தகைய சேவைகளில் அழைப்பவர் அறிந்தது ஒரே எண்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் பல தொடர்புகளும் பல மோடங்களும் வரிசையாக நிற்கும். தொலைபேசி நிலையம் முதல் தொடர்பைப் பார்க்கும். அதில் ஆள் இருந்தால் இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று காலியாக இருப்பதைத் தேடி அழைப்பைத் தரும்.

இந்த வரிசையில் மூன்றாவது மோடம் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது எடுக்காது. நிலையத்துக்கோ அது 'காலி' என்றே தெரியும். முதல் இரண்டும் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும் அழைப்பெல்லாம் மூன்றாவதிடமே போய் மணி ஒலித்து மடியும். பின்னால் பதினேழு நல்ல மோடங்கள் சும்மா இருந்தாலும் அவற்றுக்குப் போகாது. ஒரு நோயாளி வரிசை முழுவதையும் மறித்துவிடுகிறார். மேற்பார்வையாளர் அதைக் கண்டுபிடித்தால், பெட்டி கட்டளைக்காவது செவிசாய்க்கும் நிலையில் இருந்தால், 'ஏடிஎச்1' என்று எழுதுவார். 'யாரும் அழைக்காமலே தொலைபேசியை எடுத்து வைத்துக்கொள்' என்பது அதன் பொருள். நிலையம் இப்போது அத்தொடர்பில் ஆள் இருப்பதாக எண்ணி, வரும் அழைப்பை நான்காவது மோடத்துக்குத் தந்துவிடும். மூன்றாவது, பழுது நீங்கும் வரை எடுத்தபடியே கிடக்கும்.